ஒரே இழுப்பில்

ஷூ கம்பெனி ஆட்களை மூக்கை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். பசை வாடை. சோப்பு கரையக் கரையக் குளித்தாலும் அது தலைமுடிக்குள் எங்கேயாவது ஒளிந்துகொள்ளும். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் முகத்தைத் திருப்பும்போது வெளியே எட்டிப் பார்க்கும். அந்த ஊரில் பாதி வீடுகளில் அந்த வாடை இருந்தது. இல்லாத வீட்டுக்காரர்கள், "அவங்களுக்கென்ன, கம்பெனி வேலை" என்று பெருமூச்சு விட்டார்கள்.

லைன் அக்காவின் வீட்டில் மூன்று பேர்மீதும் அந்த வாடை அடித்தது. அவள் மூன்றாம் லைனின் சூப்பர்வைசர். கம்பெனியில் எல்லாருக்கும் அவள் லைன் அக்காதான். அவளைவிட வயதில் மூத்த கேன்டீன்காரருக்கும்கூட. வீட்டுக்காரர் சரக்கு அனுப்பும் பிரிவில் பெட்டி கட்டுகிறவர். மூன்றாவது ஆள் அவருடைய தங்கை, சின்னவள். கட்டிக்கொண்டவனோடு ஒத்துவராமல் ஒரு மழைநாளில் ஒற்றைப் பையோடு அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்றவள். அண்ணன் அந்தப் பையையே பார்த்துக்கொண்டு நிற்க, "உள்ள வா, முதல்ல தலையைத் துவட்டு" என்று கையைப் பிடித்து இழுத்தது அண்ணிதான். கொஞ்ச நாளில் தன் லைனிலேயே ஒரு மெஷினில் உட்காரவைத்ததும் அவள்தான். அந்த வீட்டில் குழந்தை இல்லை. அந்த இடத்தைச் சின்னவள் சண்டை போட்டே நிரப்பியிருந்தாள்.

மூன்றாம் லைன் என்பது நீளமான ஒரு மேசை வரிசை. ஒரு முனையில் வெட்டின துண்டுகளாக உள்ளே போகிற தோல், மறு முனையில் ஷூவின் மேல்பாகமாக வெளியே வரும். நடுவில் இரண்டு பக்கமும் பெண்கள். ஒருத்தி முன்பக்கம் தைப்பாள், ஒருத்தி நாக்கு, ஒருத்தி கயிறு கோக்கும் ஓட்டைக்குப் பட்டை. சின்னவள் தைத்தது குதிகால் மெத்தை. குதிகால் உரசாமல் இருக்க உள்ளே வைக்கிற மெத்துத் துணி. அவளுக்கு அடுத்த இருக்கையில் இருந்தவள் ஷூவின் வாயைச் சுற்றி வருகிற கழுத்துப் பட்டி தைப்பாள். அவளுக்குப் பெயரே கழுத்துக்காரி. இரண்டு பேரும் மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திப் பேசிக்கொள்வார்கள். வீட்டிலும் அதே குரலில் பேசி, "நான் என்ன செவிடா?" என்று சின்னவள் அண்ணனிடம் வாங்கிக் கட்டிக்கொள்வாள்.

அந்த வருஷம் மழை நின்றபாடில்லை. கன்டெய்னர் லாரிகள் வரிசையில் நின்ற முற்றத்தில் தண்ணீர்தான் நின்றது. பெட்டி கட்டுகிறவர் மதியத்துக்கு மேல் வேலையில்லாமல் ஆணிகளைப் பெரிசு சிறிசு என்று தரம் பிரித்துக்கொண்டிருப்பதை லைன் அக்காவே பார்த்தாள்.

ஒருநாள் எல்லாரையும் கேன்டீனில் கூட்டினார்கள். சுவரில் ஒரு பேனர்: 'உலகச் சந்தையில் நம் நாடு'. மேனேஜர் மைக்கைத் தட்டினார்.

"கடல் தாண்டி ஒரு நாட்டுல இதே ஷூவை நம்மளவிட வேகமா தைக்கிறாங்க, நம்மளவிட மலிவா தைக்கிறாங்க. நம்ம ஷூவை வாங்குற பையர் அங்க போயிட்டா நாம எல்லாரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இது கம்பெனிக்கும் கம்பெனிக்கும் நடக்குற போட்டி இல்ல. நாட்டுக்கும் நாட்டுக்கும் நடக்குற போட்டி."

"ஓட்டப்பந்தயம் மாதிரிங்களா சார்?" என்று பின்னாலிருந்து கழுத்துக்காரி கேட்டாள்.

"அப்படியே வச்சுக்கோங்க."

"அப்ப நாங்க ஓடுறோம். ஷூ யாருக்கு சார்?"

கேன்டீனே சிரித்தது. மேனேஜரும் சிரித்துவிட்டு, பக்கத்தில் நின்ற இளைஞரை அறிமுகப்படுத்தினார். அரசாங்கத்தின் போட்டித்திறன் வாரியத்திலிருந்து வந்த ஆலோசகர். மெலிந்த உடம்பு, மெல்லிய குரல், கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட நிறுத்துக் கடிகாரம். மாலைக்குள் அவருக்குக் கடிகாரக்காரர் என்று பெயர் விழுந்துவிட்டது.

கடிகாரக்காரர் கெட்டவர் இல்லை. அதைக் கடைசிவரை லைன் அக்கா சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் யாரையும் விரட்டவில்லை. மூன்றாம் லைனுக்கு வந்து ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, "அக்கா, உங்களுக்குத்தான் இந்த லைன் தெரியும். எங்க தேங்குதுன்னு சொல்லுங்க, சேர்ந்து சரிபண்ணுவோம்" என்றார். இத்தனை வருஷத்தில் அவளிடம் அப்படி யாரும் கேட்டதில்லை. ஏன் குறைந்தது என்று கேட்டிருக்கிறார்கள். எப்படிக் கூட்டலாம் என்று கேட்டதில்லை.

அவளுக்குள் என்னவோ திறந்துகொண்டது. நூல்கண்டு வைக்கும் தட்டை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் மாற்றினாள். கத்தரிக்கோலைத் தேடுகிற நேரம் மிச்சமாகட்டும் என்று ஒவ்வொரு மெஷினுக்கு மேலேயும் ரப்பர் கயிற்றில் தொங்கவிட்டாள். நேராக இருந்த மேசைகளை வளைத்துப் போட்டு, ஒருத்தி தைத்து முடித்ததை அடுத்தவள் எழுந்திருக்காமலே எட்டி எடுக்கும்படி வைத்தாள். முதல் நாள் எல்லாரும் முணுமுணுத்தார்கள். பிறகு, "முதுகு வலி குறைஞ்சிருக்குக்கா" என்றார்கள். லைன் ஓடுகிற சத்தமே மாறியது. முன்பு விட்டுவிட்டு இருமுகிற மாதிரி இருந்தது, இப்போது ஒரே சீராக மழை பெய்கிற மாதிரி இருந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு லைன் தலைமாட்டில் நிற்கும்போது அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தை, கல்யாணமான புதிதில்கூடப் பார்த்ததில்லை என்று வீட்டுக்காரர் கேலி செய்தார்.

"நீ பாட்டுக்கு வேகமா தள்ளிவிடு. ஆணி அடிக்கிற எனக்குத்தான் கைவலி" என்றார்.

"ஆணி அடிக்க வேலை வந்துச்சேன்னு சந்தோஷப்படுங்க."

"சந்தோஷம்தான். ஆனா ஒண்ணு சொல்லு. நாம வேகமா தைச்சா அவன் இன்னும் வேகமா தைப்பான். அப்புறம் நாம அதைவிட. இது எங்க போய் நிக்கும்?"

"நிக்காதுங்க. அதுக்குப் பேருதான் போட்டி."

"நல்லா பேசக் கத்துக்கிட்ட" என்று அவர் டீயை உறிஞ்சினார்.

ஆனாலும் ஒரு இடத்தில் தேங்கியது. குதிகால் மெத்தை. சின்னவள் கை சுத்தமான கை, ஆனால் துணி வழுக்குகிற துணி. அவள் மெத்தையைத் தைத்து அனுப்பினால், கழுத்துக்காரி அதே விளிம்பின் மேலேயே மறுபடி பட்டி வைத்துத் தைக்க வேண்டும். ஒரே இடத்தில் இரண்டு தையல். கடிகாரக்காரர் அங்கேயே நின்று உதட்டைக் கடித்துக்கொண்டிருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். வெளியே தூறல். சமையலறையில் லைன் அக்கா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். சின்னவள் முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டு, வாய்க்குள் பாதியும் தட்டில் பாதியுமாகப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"உன் இடத்துலதான் தேங்குது" என்றாள் லைன் அக்கா. குறையாகச் சொல்லவில்லை, அலுப்பாகச் சொன்னாள்.

"என்னைச் சொல்லாதீங்க. துணியைச் சொல்லுங்க. மீன் மாதிரி நழுவுது."

"அதுக்கு என்ன பண்றது?"

சின்னவள் கத்தியைக் கீழே வைத்தாள். "நான் ஒண்ணு யோசிச்சு வச்சிருக்கேன். சொன்னா சிரிக்கக் கூடாது."

"சொல்லு."

அவள் கைத்துணியை எடுத்தாள். ஒரு பாத்திரத்தை ஷூவாக வைத்துக்கொண்டு, துணியின் ஓரம் பாத்திரத்தின் விளிம்பைத் தாண்டி ஒரு விரல் அளவு நீட்டிக்கொண்டிருக்கும்படி உள்ளே விட்டாள். "மெத்தையைக் கொஞ்சம் நீளமா வெட்டச் சொல்லுங்க. இப்படி விளிம்புக்கு மேல நீட்டிட்டு இருக்கட்டும். நான் தைக்கவே வேணாம். கழுத்துக்காரி பட்டியை வச்சு சுத்தி ஒரு இழுப்பு இழுக்குறால்ல? அந்த இழுப்புலயே மெத்தையும் சேர்ந்து மாட்டிக்கும். ஒரே இழுப்பு. ரெண்டு வேலை முடிஞ்சுது."

உருளைக்கிழங்கு கையிலேயே இருக்க, லைன் அக்கா அந்தப் பாத்திரத்தைப் பார்த்தாள். எவ்வளவு சுலபம். எவ்வளவு அழகு. அவள் கண்முன் லைன் ஓடியது. முன்பக்கம், நாக்கு, பட்டை, கழுத்து, தேங்காமல், மடை திறந்த தண்ணீர் மாதிரி. அப்படி ஓடின லைனில் ஒரு இருக்கை காலியாகக் கிடந்தது. அதையும் அவள் பார்த்தாள். ஒரு நொடிதான். வேற இடம் கொடுக்காமலா போய்விடுவார்கள் என்று அந்த நினைப்பின் மேல் ஒரு மூடியைப் போட்டு மூடினாள்.

"அடி கெட்டிக்காரி!" என்று நாத்தனாரின் கன்னத்தைக் கிள்ளினாள்.

"யோசனை என்னோடதுன்னு சொல்லணும். நீங்க உங்க பேர்ல போட்டுக்கக் கூடாது."

"உன் பேருதான். மைக்ல சொல்றேன், போதுமா?"

சொன்னாள். கடிகாரக்காரர் முதல் ஜோடி தைத்து வந்ததைக் கையில் வாங்கி, கடிகாரத்தைப் பார்த்தார், மறுபடி தைக்கச் சொன்னார், மறுபடி பார்த்தார். பிறகு சின்னவளைக் கைகூப்பிக் கும்பிட்டே விட்டார். எல்லா லைனிலும் அப்படியே மாற்றினார்கள். கேன்டீனில் கூட்டம் போட்டு, சின்னவளை மேடைக்குக் கூப்பிட்டு ஒரு ஃபிளாஸ்க் கொடுத்தார்கள். போட்டோ எடுத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். போட்டோவில் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் போட்டோவின் நாலு மூலையும் சுருளுவதற்குள் மேனேஜர் லைன் அக்காவை அறைக்குக் கூப்பிட்டார். கடிகாரக்காரரும் இருந்தார், ஜன்னல் பக்கம் திரும்பி.

"மெத்தை தைக்கிற இடம் இனி இல்ல. அங்க இருக்குறவங்களை விடுவிக்கணும்."

"வேற இடம் கொடுங்க சார். பட்டை தைக்கத் தெரியும் அவளுக்கு. நாக்கும் தைப்பா."

"அங்கெல்லாம் ஆள் இருக்கே."

"வேற லைன்ல?"

"எல்லா லைன்லயும் அதே இடம்தானே போச்சு. அவங்களையும்தான் அனுப்புறோம்."

"சார், அந்த யோசனையே அவ கொடுத்தது."

மேனேஜர் மேசைமேல் இருந்த காகிதங்களை அடுக்கினார். கடிகாரக்காரர்தான் திரும்பினார். "அக்கா, கொஞ்ச பேரை விட்டாத்தான் மீதி எல்லாரும் நிக்க முடியும். இல்லன்னா மொத்தமும் போயிடும். இதை நான் பல இடத்துல பாத்திருக்கேன்." அவர் குரலில் பொய் இல்லை. அதுதான் அவளால் தாங்க முடியாமல் இருந்தது.

"நீங்களே சொல்லிடுங்க. வீட்டு ஆள்தானே, பக்குவமா சொல்லுவீங்க" என்றார் மேனேஜர்.

பக்குவமாகச் சொல்வதற்கு அதில் என்ன இருந்தது? சாயங்காலம் கை கால் கழுவி மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தபோது சொன்னாள். சின்னவள் முதலில் சிரித்தாள்.

"விளையாடாதீங்க அண்ணி."

லைன் அக்கா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நிஜமாவா? ஃபிளாஸ்க் கொடுத்தாங்களே?"

பெட்டி கட்டுகிறவர் சோற்றில் வைத்த கையை எடுத்தார். "நீ என்ன பண்ணிட்டு இருந்த? வாயில என்ன கொழுக்கட்டையா? அவளுக்குப் பதிலா நான் போறேன்னு சொல்லிருக்கலாம்ல?"

"சொல்லிருக்கலாம்" என்றாள் அவள். அது அவளுக்குத் தோன்றவே இல்லை. இப்போதுதான் தோன்றியது.

சின்னவள் அண்ணனைப் பேசவிடாமல் கையைக் காட்டினாள். அவள் எப்போதும் பேசுகிற கத்தல் குரல் இல்லை அது. மெஷின் நின்றுபோன மாதிரி இருந்தது. "அண்ணி, அன்னைக்குப் பாத்திரத்துல துணியை விட்டுக் காட்டினேனே. அப்பவே உங்களுக்குத் தெரியுமா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவள் வாயைத் திறந்தாள். ஒரு கவளம் சோற்றைப் போட்டு மூடிக்கொண்டாள்.

"தெரிஞ்சிருக்கு" என்றாள் சின்னவள். எழுந்து போய்க் கையைக் கழுவினாள். அழுவாள், தட்டை வீசுவாள் என்று இரண்டு பேரும் காத்திருந்தார்கள். அவள் தன் தட்டைத் தேய்த்துக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

ஊரின் மறுகோடியில், ஆஸ்பத்திரித் துணிகள் வெளுக்கிற சலவைக்கூடம் ஒன்று இருந்தது. அங்கே வேலை கிடைத்தது. பக்கத்திலேயே நாலு பெண்களோடு ஒரு அறை எடுத்துக்கொண்டாள். வந்தபோது கொண்டுவந்த அதே மாதிரி ஒற்றைப் பையோடு போனாள். அண்ணன் பஸ் வரை போனார். லைன் அக்கா வாசல் வரை வந்து, "குடை எடுத்துக்கோ" என்றாள். மழை வலுத்துப் பெய்துகொண்டிருந்தது. "வேணாம்" என்று நனைந்துகொண்டே போனாள்.

அதற்குப் பிறகு லைன் அக்கா வெறி பிடித்த மாதிரி வேலை பார்த்தாள். சின்னவளை அனுப்பினது வீணாகிவிடக் கூடாது, அவ்வளவுதான் அவள் கணக்கு. கழுத்துக்காரி பேச்சை நிறுத்திக்கொண்டாள். பேச ஆளுமில்லை, நேரமுமில்லை. ஒரே இழுப்பில் தைத்துத் தைத்து அவள் மணிக்கட்டு வீங்கியது. துணி சுற்றிக்கொண்டு தைத்தாள். முற்றத்தில் கன்டெய்னர்கள் வந்து நின்றன. தலைநகரத்தில் ஒரு விழா நடந்தது. போட்டித்திறனில் முதலிடம் என்று கம்பெனிக்கு ஒரு கண்ணாடிக் கோப்பை கிடைத்தது. மேனேஜர் அதைத் தூக்கிக்கொண்டு லைன் லைனாக வந்து காட்டினார். கடிகாரக்காரர் அதற்குள் வேறு கம்பெனிக்குப் போயிருந்தார்.

பெட்டி கட்டுகிறவர் வீட்டில் அதிகம் பேசுவதில்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு தங்கையைப் பார்த்துவிட்டு வருவார்.

"எப்படி இருக்கா?"

"இருக்கா."

"என்னைக் கேட்டாளா?"

"டீ இருக்கா?" என்பார் அவர்.

பனிக்காலம் தொடங்கினபோது பையர் கம்பெனியிலிருந்து ஒரு அம்மாளும் இரண்டு கேமராக்காரர்களும் வந்தார்கள். மூன்றாம் லைனைப் பற்றிக் கேள்விப்பட்டார்களாம். இவ்வளவு நேர்த்தியான லைனை எங்கேயும் பார்த்ததில்லை என்றாளாம் அந்த அம்மாள். மேனேஜர் மொழிபெயர்த்துச் சொன்னார். முழுவதையும் படம் பிடித்தார்கள். கத்தரிக்கோல் தொங்குகிற கயிறு, வளைத்துப் போட்ட மேசை, கழுத்துக்காரியின் கை. அந்த ஒரே இழுப்பை மட்டும் திரும்பத் திரும்ப, கிட்டத்தில், எட்டத்தில். லைன் அக்கா கேமரா முன் நின்று ஒவ்வொன்றையும் விளக்கினாள். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. பாராட்டுகிறவர்களிடம் எதற்கென்று யார் கேட்பார்கள்?

பனி விலகுவதற்குள் தெரிந்துவிட்டது. அதே மாதிரி லைனைக் கடல் தாண்டிப் போட்டுவிட்டார்கள். கத்தரிக்கோல், மேசை, ஒரே இழுப்பு, எல்லாம் அப்படியே. அங்கே கூலி மட்டும் குறைவு. மேனேஜர் கேன்டீனில் மைக் இல்லாமலே பேசினார். கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருக்கும் வேலை போயிற்று.

"நாம தோத்துட்டோமா சார்?" என்று கழுத்துக்காரி கேட்டாள். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

மெஷின்களையும் பையர் வாங்கிவிட்டார். கடைசி வாரத்தில் வேலை இருந்தது பெட்டி கட்டும் பிரிவுக்கு மட்டும்தான். லைன் அக்கா ஒருநாள் சாப்பாடு கொண்டுபோனாள். மூன்றாம் லைன் தரையில் மெஷின் கால்கள் பதிந்த வடு மட்டும் இருந்தது. முற்றத்தில் அவள் வீட்டுக்காரர் மரப்பெட்டிக்கு முன் மண்டி போட்டு உட்கார்ந்து ஆணி அடித்துக்கொண்டிருந்தார்.

"சாப்பிட்டுட்டு அடிங்க."

"இது கழுத்துக்காரி மெஷின்" என்றார் நிமிராமலே. "ஆடாம இருக்க வைக்கோல் திணிச்சிருக்கேன். கடல்ல போறப்ப ஊசிக்கம்பி வளைஞ்சா அந்தப் பொண்ணுக்குத் தைக்க வராது."

"எந்தப் பொண்ணுக்கு?"

"அங்க உக்காரப்போறவளுக்கு." ஆணியை ஓங்கி அடித்தார். "அவ என்ன பாவம் பண்ணா."

அந்த வாரத்துக்குப் பிறகு அவர் சுத்தியலைத் தொடவில்லை. சந்தைக்கடையில் மூட்டை இறக்க ஆள் கேட்டார்கள். இரண்டு நாள் போனார், மூன்றாம் நாள் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். பசை வாடை கொஞ்சம் கொஞ்சமாக வீட்டைவிட்டுப் போயிற்று. தலையணையை முகர்ந்து பார்த்தபோது வெறும் தலையணை வாடைதான் வந்தது.

லைன் அக்கா ஏறி இறங்காத இடமில்லை. "சூப்பர்வைசரா இருந்தவங்களா? நமக்கு எதுக்குங்க" என்றார்கள். கடைசியில் ஒரு சாயங்காலம் பஸ் ஏறி, சலவைக்கூடத்தின் வாசலில் போய் நின்றாள். வேலை விட்டு வந்த சின்னவள் அவளைப் பார்த்து நின்றாள். இளைத்திருந்தாள். நீராவியில் முகம் வெந்து சிவந்திருந்தது.

"அண்ணனுக்கு ஒண்ணுமில்லையே?"

"ஒண்ணுமில்ல. படுத்தே இருக்காரு." வாசலுக்கு உள்ளே எட்டிப் பார்த்தாள். "இங்க ஆள் எடுக்குறாங்களாமே?"

சின்னவள் ரோட்டைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். திட்டியிருந்தால் லைன் அக்காவுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"மடிக்கிற இடத்துல ஒருத்தி வேலையை விட்டு நின்னுட்டா" என்றாள். "சொல்லிப் பாக்குறேன். அங்க சூப்பர்வைசர்னு சொல்லிக்காதீங்க."

மறுநாளே வரச் சொன்னார்கள். சலவைக்கூடம் தகரக் கொட்டகை. ஒரு பக்கம் கொதிக்கிற தொட்டிகள், நடுவில் உலர்த்தும் பெரிய டிரம்கள், கடைசியில் மடிக்கிற மேசை. டிரம்மிலிருந்து சூடு பறக்க வருகிற படுக்கை விரிப்புகளைத் தள்ளுவண்டியில் ஒரு வயதான பெண் இழுத்து வருவாள். இரண்டு இரண்டு பேராக மூலையைப் பிடித்து, உதறி, மடித்து, அடுக்க வேண்டும். சின்னவள் எதிரில் நின்றாள்.

"கட்டை விரலை உள்ள விட்டுப் பிடிங்க. இல்லன்னா சுடும்."

பிடித்தாள். உதறினார்கள். கிட்டே வந்து மூலைகளைச் சேர்த்தபோது இரண்டு பேர் விரல்களும் பட்டுக்கொண்டன. விலகினார்கள். அடுத்த விரிப்பு.

பத்துப் பதினைந்து விரிப்புக்குள் கைக்கு வேலை பழகிவிட்டது. கை பழகினதும் கண் சும்மா இருக்கவில்லை. டிரம்மின் வாய் அந்தப் பக்கம் பார்த்திருந்தது. மேசை இந்தப் பக்கம். மேசையைத் தூக்கி டிரம்முக்கு எதிரே போட்டால், விரிப்பு நேராக மேசையிலேயே வந்து விழும். தள்ளுவண்டி தேவையில்லை. அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். வேண்டாம் என்று நினைத்தாலும் கொட்டகை அவளுக்குள் நகர்ந்தது, மேசை திரும்பியது, துணிகள் தடையில்லாமல் ஓடின. தள்ளுவண்டி இழுக்கிற அந்தப் பெண் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, புது ஆளைப் பார்த்துப் பல்லில்லாமல் சிரித்தாள்.

"அண்ணி" என்றாள் சின்னவள்.

"ம்."

"என்ன பாக்குறீங்க?"

"ஒண்ணுமில்ல."

"எனக்குத் தெரியும்." சின்னவளின் கையில் விரிப்பு விறைப்பாக இழுபட்டு நின்றது. கெஞ்சுகிற குரலா மிரட்டுகிற குரலா என்று தெரியவில்லை. "பாக்காதீங்க அண்ணி. தயவுசெஞ்சு பாக்காதீங்க."

லைன் அக்கா கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். கையில் பிடித்திருந்த துணியின் மூலையை மட்டும் பார்த்தாள். உதறினார்கள். மடித்தார்கள். தள்ளுவண்டி கிறீச்சிட்டுக்கொண்டு அடுத்த சுமையை எடுத்துவரப் போனது.